சூழல் மாறிகளைத் தானாகப் புகுத்தும் செருகுநிரல்: எப்போது பொருந்தும், எப்போது வேறு வழி வேண்டும்?

ஏபிஐ முகவரி (செயலி தரவைக் கேட்கும் சர்வரின் முகவரி), பிழைகளைப் பதிவுசெய்யும் சேவையின் விசை, புதிய வசதி ஒன்றைத் திறக்கவும் மூடவும் உதவும் குறி ஆகியவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கக் கூடாது என்பதில் இன்று பெரும்பாலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செயலிகளை இயக்கித் தரும் கிளவுட் சேவையான ஹெரோக்குவில் பணியாற்றிய ஆடம் விக்கின்ஸ் 2011இல் வெளியிட்ட பன்னிரண்டு காரணி நெறிமுறை, அமைவு மதிப்புகளின் இடம் சூழல் மாறிகள்தான் (நிரலுக்கு வெளியே, அது ஓடும் கணினியில் பெயரோடு வைக்கப்படும் மதிப்புகள்) என்று வலியுறுத்தியது; அதன் பிறகு அந்த வழக்கம் எங்கும் பரவியது. ஆனால் அந்த நெறி சர்வரில் ஓடும் நிரலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. உலாவியில் ஓடும் நிரலுக்குச் சூழல் மாறி என்ற ஒன்றே கிடையாது. பில்ட் (மூல நிரலை வெளியிடத் தக்க கோப்புகளாக மாற்றும் வேலை) நடக்கும் கணினியிலோ சர்வரிலோ இருக்கும் மதிப்பை யாராவது நகலெடுத்து உலாவிவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலையைத் தாமே செய்வதாகச் சொல்லும் செருகுநிரல்கள் (பில்ட் கருவியோடு இணைக்கும் துணை நிரல்கள்) பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அமைப்பதா, ஃப்ரேம்வொர்க் தரும் முன்னொட்டு முறையோடு (பெயரின் தொடக்கத்தைப் பார்த்து மாறிகளைத் தேர்ந்தெடுப்பது) நின்றுவிடுவதா, தேவையானவற்றைக் கையால் பட்டியலிடுவதா, அல்லது செயலி தொடங்கும் நேரத்தில் மதிப்புகளைப் படிப்பதா என்ற இடத்தில்தான் பலர் தயங்கி நிற்கிறார்கள். எது எழுத எளிது என்று மட்டும் பார்த்தால் இந்தத் தயக்கம் தீராது. நகல் எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது, அதை யார் படிக்க முடியும் என்ற இரண்டையும் கேட்ட பிறகே நான்கு வழிகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு தெரியவரும்.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

முதல் அளவுகோல் கசிவு. உலாவிக்குப் போகும் எந்த மதிப்பும் வெளிப்படையானது. சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து தேடத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். ஆகவே, ரகசியமாக இருக்க வேண்டிய ஒன்று தவறுதலாகக் கூட உலாவிப் பக்கம் போகாதபடி தடுக்கும் வேலி எவ்வளவு உறுதியானது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மதிப்பு உறையும் நேரம். பில்ட் நேரத்தில் மதிப்பு நிரலுக்குள் எழுதப்பட்டுவிட்டால், சோதனைச் சூழலில் சரிபார்த்த அதே கோப்புகளை அப்படியே உற்பத்திச் சூழலுக்கு நகர்த்த முடியாது. மறுபடியும் பில்ட் செய்ய வேண்டும். சரிபார்த்தது ஒன்று, வெளியிட்டது இன்னொன்று என்ற நிலை அப்போது உருவாகிறது.

மூன்றாவது, மதிப்பு இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது. பில்ட் உடனே நின்றுவிடுவது நல்லது. பயனரின் திரையில் வெற்று முகவரிக்குக் கோரிக்கை போய்த் தோற்பது மோசமானது. இதனோடு சேர்ந்தது வகை பற்றிய கேள்வி: சூழல் மாறிகள் எல்லாம் சரங்கள் என்பதால், 'ஃபால்ஸ்' என்று எழுதப்பட்ட மதிப்பு ஜாவாஸ்கிரிப்ட்டில் உண்மை என்றே கொள்ளப்படும். மூடிவைத்ததாக நினைத்த வசதி திறந்திருப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

கடைசியாக, மாறிகளை எழுதிவைக்கும் கோப்புகள் பலவற்றில் ஒரே பெயர் இருந்தால் எது வெல்லும் என்பதைக் குழுவில் உள்ள எல்லோரும் சொல்ல முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், 'என் கணினியில் வேலை செய்கிறதே' என்ற பேச்சு எழும் இடங்களில் பாதி இங்கேதான் இருக்கிறது.

## ஃப்ரேம்வொர்க்கோடு வரும் முன்னொட்டு முறை

வீட் (Vite) என்ற பில்ட் கருவியும், நெக்ஸ்ட் ஜேஎஸ், ஸ்வெல்ட்கிட் என்ற ஃப்ரேம்வொர்க்குகளும் இந்த வழியை உள்ளேயே வைத்திருக்கின்றன. வீட்டில் 'வீட்' என்ற முன்னொட்டோடு தொடங்கும் மாறிகளும், நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் 'நெக்ஸ்ட் பப்ளிக்' என்ற முன்னொட்டு உள்ளவையும் மட்டுமே உலாவி நிரலுக்குச் செல்லும். முன்னொட்டு இல்லாதவை பின்தங்கிவிடும். பெயரைப் பார்த்தவுடன் அது வெளியே போகும் மதிப்பு என்று தெரிந்துவிடுவதால், நிரலை மறுஆய்வு செய்பவருக்கு இது பெரிய உதவி. கசிவு என்ற அளவுகோலில் இதற்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன்.

கோப்புகளின் முன்னுரிமையும் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் பொதுவான என்வ் கோப்பை (.env; மாறிகளின் பெயரும் மதிப்பும் எழுதப்பட்ட கோப்பு), சோதனை, உற்பத்தி போன்ற குறிப்பிட்ட பயன்முறைக்கான கோப்பு மேலெழுதும். பில்ட் தொடங்கும்போதே கணினியின் சூழலில் இருக்கும் மாறி இரண்டையும் வெல்லும். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸிலும் சூழலில் ஏற்கெனவே உள்ளதற்கே முதலிடம். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: சோதனைப் பயன்முறையில் 'லோக்கல்' என்ற பின்னொட்டுடைய பொதுவான என்வ் கோப்பு படிக்கப்படுவதில்லை. எல்லோருடைய கணினியிலும் சோதனைகள் ஒரே முடிவைத் தர வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது.

மறைந்திருக்கும் விலை, மதிப்பு உறையும் நேரத்தில் இருக்கிறது. இந்த மாறிகள் பில்ட்டின்போது நிரலில் உள்ள பெயரை அழித்து அந்த இடத்தில் மதிப்பை எழுதும் முறையில் மாற்றப்படுகின்றன. அதனால் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் மாறியின் பெயரை வேறொரு மாறியில் வைத்துக்கொண்டு அதன் வழியாக மதிப்பை எடுக்க முயன்றால் உலாவியில் எதுவும் கிடைக்காது. பெயர் முழுமையாக எழுதப்பட்டிருந்தால்தான் மாற்று நடக்கும். வீட்டில் இதற்கு நேர்மாறான ஆபத்து இருக்கிறது: மாறிகளை வைத்திருக்கும் என்வ் பொருளை முழுதாக எங்காவது குறிப்பிட்டால், முன்னொட்டு உள்ள எல்லா மாறிகளும் அந்த இடத்தில் மொத்தமாக எழுதப்பட்டுவிடும். அந்தப் பொருளை அச்சிட்டுப் பார்க்கத் தற்காலிகமாகப் போட்டுவைத்த ஒரு கன்சோல் வரி இதற்குப் போதும்.

மதிப்பு இல்லாவிட்டால் எச்சரிக்கை எதுவும் வராது என்பது இந்த முறையின் பலவீனம். கசிவைத் தடுப்பதில் ஸ்வெல்ட்கிட் ஒரு படி மேலே நிற்கிறது. அது மாறிகளைப் பொது, தனி என்றும், பில்ட் நேரத்தில் உறைபவை, ஓடும்போது படிக்கப்படுபவை என்றும் நான்காகப் பிரிக்கிறது. தனி மதிப்பை உலாவிக்குப் போகும் நிரலில் இறக்குமதி செய்தால் பில்ட்டையே நிறுத்திவிடுகிறது.

## தானாகப் புகுத்தும் செருகுநிரல்

செருகுநிரல் என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வேறுபட்ட நடத்தைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் 'நல்லது', 'கெட்டது' என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

முதல் வகை, நாம் கொடுக்கும் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் மாற்றுவது. வெப்பேக் என்ற பில்ட் கருவியின் என்விரான்மென்ட் பிளகின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம், அல்லது ஒவ்வொன்றுக்கும் இயல்பு மதிப்போடு கொடுக்கலாம். இயல்பு மதிப்பு தராத மாறி சூழலில் இல்லையென்றால் வெப்பேக் 5 அதைப் பிழையாகவே அறிவிக்கிறது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல விரும்பும் மாறிக்கு 'நல்' என்ற வெற்று மதிப்பை இயல்பாகக் கொடுக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு: சிக்கல் வராமல் இருக்கட்டும் என்று எல்லா மாறிகளுக்கும் இயல்பு மதிப்பு எழுதிவைத்தால், உற்பத்திச் சூழலில் ஒரு மாறியை வைக்க மறந்தாலும் பில்ட் அமைதியாக முடிந்துவிடும், செயலி மேம்பாட்டுச் சூழலின் முகவரியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இயல்பு மதிப்பு, தவறாகப் போனாலும் தீங்கு செய்யாத மாறிகளுக்கு மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது வகை, என்வ் கோப்பைத் தானே படித்து, நிரலில் குறிப்பிடப்பட்ட பெயர்களை மட்டும் மாற்றுவது. டாட்என்வ் வெப்பேக் இப்படி இயங்குகிறது. கோப்பில் இருபது மாறிகள் இருந்தாலும் நிரலில் இரண்டு பெயர்கள் மட்டுமே வந்தால் அந்த இரண்டு மட்டுமே தொகுப்புக்குள் (உலாவிக்குப் போகும் இறுதிக் கோப்புக்குள்) போகும் என்பது இதன் பாதுகாப்பு. ஆனால் யாராவது ரகசிய விசையின் பெயரை உலாவி நிரலில் எழுதிவிட்டால் தடுப்பதற்கு முன்னொட்டு போன்ற வேலி எதுவும் இல்லை. இதை அமைக்கும்போது இரண்டு விருப்பங்களைக் கவனமாக முடிவுசெய்ய வேண்டும். கணினியின் சூழல் மாறிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் விருப்பம் இயல்பாக அணைந்தே இருக்கும். தன் கணினியில் என்வ் கோப்பு வைத்திருப்பவருக்கு எல்லாம் சரியாக ஓடும், என்வ் கோப்பே இல்லாத சிஐ சர்வரில் (பில்ட்டையும் சோதனைகளையும் தானாக ஓட்டுவது) எல்லா மதிப்புகளும் வெறுமையாகிவிடும். மற்றொன்று, எடுத்துக்காட்டு என்வ் கோப்போடு ஒப்பிட்டு விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்டும் பாதுகாப்பு விருப்பம். இந்தச் செருகுநிரலைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டையும் இயக்கி வைப்பதே சரி என்பது என் துணிபு.

மூன்றாவது வகைதான் கவலைக்குரியது: 'எல்லாவற்றையும் கொடு' என்ற அமைவு. வெப்பேக்கிலிருந்து வீட்டுக்கு மாறும் குழுக்கள், பழைய நிரலில் நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதப்பட்ட பிராசஸ் என்வ் (process.env, நோட் ஜேஎஸ்ஸில் சூழல் மாறிகளைத் தரும் பொருள்) குறிப்புகளை மாற்றாமலே தப்பிக்க இதை நாடுகிறார்கள். சூழலில் உள்ள அனைத்தையும் படித்து, பிராசஸ் என்வ் என்ற பொருள் முழுவதற்கும் மாற்றாக வைக்கும் ஒரு வரி அமைவு பரவலாகப் பகிரப்படுகிறது. அந்த வரி வேலை செய்யும். அதோடு, பில்ட் நடக்கும் கணினியில் உள்ள தரவுத்தளக் கடவுச்சொல், நூலகங்களைத் தரும் பதிவகத்தின் டோக்கன் (நுழைவுக்கான ரகசிய விசை), கிளவுட் சேவையின் விசை என எல்லாமே உலாவிக்குப் போகும் கோப்பில் எழுதப்படுவதற்கான வாசலையும் அது திறந்துவிடும். வீட்டில் முன்னொட்டு அமைவை வெற்றுச் சரமாக வைக்க முயன்றால் அது பிழை காட்டி நிறுத்துவது இந்தக் காரணத்துக்காகத்தான். மேலே சொன்ன ஒரு வரி அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெயர் பெயராக மாற்றும் செருகுநிரலில் 'அனைத்தும்' என்று அமைப்பதும் பொருள் முழுவதையும் மாற்றுவதும் ஒன்றல்ல என்பது உண்மை. முன்னதில் நிரலில் தோன்றும் பெயர்களே மாறும். ஆனால் நிரல் என்பது நாம் எழுதியது மட்டுமல்ல, நாம் சார்ந்திருக்கும் நூலகங்களும் சேர்ந்ததே. அவற்றில் எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று யாரும் முன்கூட்டியே படித்துப் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்று வீட்டிலேயே இருக்கிறது. முன்னொட்டு அமைவு ஒன்றுக்கு மேற்பட்ட முன்னொட்டுகளை ஏற்கும். ஆகவே ரியாக்ட் திட்டங்களைத் தொடங்க உதவிய கிரியேட் ரியாக்ட் ஆப் கருவியின் பழைய 'ரியாக்ட் ஆப்' முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு, குறிப்புகளைப் படிப்படியாக மாற்றலாம். பிராசஸ் என்வ் வடிவத்தையே காப்பாற்ற வேண்டியிருந்தால், செருகுநிரலுக்குப் பட்டியலையோ முன்னொட்டையோ கட்டாயம் கொடுக்க வேண்டும். கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு இப்படி இடம்பெயரும் திட்டங்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

## கையால் எழுதிய பட்டியலும் சரிபார்ப்பும்

ஒரே ஒரு கோப்பு. அதில் மட்டுமே சூழல் மாறிகள் படிக்கப்படும். ஒவ்வொன்றின் வகையும் அங்கே அறிவிக்கப்படும், ஸோட் போன்ற நூலகத்தால் சரிபார்க்கப்படும், மற்ற நிரல்கள் அந்தக் கோப்பிலிருந்தே மதிப்பை வாங்கும். 'ஃபால்ஸ்' என்ற சரம் உண்மையான மறுப்பாக மாறுவதும், எண் எண்ணாக மாறுவதும், முகவரி முகவரியின் வடிவத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இங்கேயே முடிந்துவிடும்.

இதன் விலை, புதிய மாறி ஒன்றைச் சேர்க்கும்போது இரண்டு அல்லது மூன்று இடங்களில் எழுத வேண்டியிருப்பது. அதைக் குறையாக நான் கருதவில்லை; உலாவிக்கு ஒரு மதிப்பை அனுப்பும் முன் ஒரு நொடி நின்று யோசிக்கவைக்கும் தடை அது. ஆனால் சரிபார்ப்பை எங்கே ஓட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அது உலாவியில் மட்டும் ஓடினால், பிழையை முதலில் காண்பவர் பயனராகவே இருப்பார். பில்ட் அமைவுக் கோப்பிலேயே அதை அழைத்தால் பில்ட் நின்றுவிடும். வீட்டில் அமைவுக் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் என்வ் கோப்புகள் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது என்பதால், அவற்றை ஏற்றும் லோட்என்வ் செயற்கூற்றை அங்கே நாமே அழைக்க வேண்டும்.

இந்த வழி முன்னொட்டு முறைக்கு எதிரானது அல்ல. அதன் மேல் போடும் இரண்டாவது அடுக்கு.

## செயலி தொடங்கும்போது புகுத்துதல்

ஒரே டாக்கர் இமேஜை (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) சோதனை, முன்னோட்டம், உற்பத்தி என்று எல்லாச் சூழலிலும் ஓட்ட வேண்டும், அல்லது மென்பொருளை வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அதைத் தம் சொந்தச் சர்வரில் நிறுவுவார்கள் என்றால், மேலே சொன்ன மூன்றுமே போதாது. கன்டெய்னர் (ஓடும் நிலையில் உள்ள இமேஜ்) தொடங்கும்போது சூழல் மாறிகளைப் படித்து ஒரு சிறிய அமைவுக் கோப்பை எழுதிவைத்து, உலாவி அதை முதலில் ஏற்றும்படி செய்ய வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரின் அதிகாரப்பூர்வ இமேஜ், தொடங்கும்போது குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்ட்களை இயக்கும் வசதியோடு வருவதால் இதற்குத் தனிக் கருவி தேவைப்படுவதில்லை. நக்ஸ்ட் 3 ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துவோருக்கு ரன்டைம் கான்ஃபிக் என்ற பெயரில் இது உள்ளேயே இருக்கிறது. அதில் அமைவுக் கோப்பில் முன்கூட்டியே அறிவித்த பெயர்களை மட்டுமே சூழல் மாறியால் மாற்ற முடியும். மேலும் என்வ் கோப்பு மேம்பாட்டிலும் பில்ட்டிலும் மட்டுமே படிக்கப்படும், பில்ட் ஆன சர்வர் ஓடும்போது படிக்கப்படாது. இந்தக் கடைசிச் செய்தி தெரியாததால்தான் பலர் சர்வரில் என்வ் கோப்பை வைத்துவிட்டு மதிப்பு வரவில்லையே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில் அதிகம். அமைவுக் கோப்பு முதன்மை நிரலுக்கு முன்பே ஏற்றப்பட வேண்டும். அதை உலாவியோ சிடிஎன்னோ (கோப்புகளைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சர்வர் வலையமைப்பு) தேக்கிவைக்காதபடி எச்டிடிபி தலைப்புகள் அமைக்கப்பட வேண்டும். மதிப்புகளைப் பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்ட்டாக எழுதினால், எந்த ஸ்கிரிப்ட்டை உலாவி இயக்கலாம் என்று வரையறுக்கும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை அதைத் தடுக்கக்கூடும். பில்ட் நேரத்தில் மதிப்பு தெரியாததால், அணைத்துவைத்த வசதியின் நிரலைத் தொகுப்பிலிருந்து நீக்கும் வாய்ப்பும் போய்விடும். கோப்பின் அளவு கூடும்.

குறுக்குவழி ஒன்றும் வழக்கத்தில் இருக்கிறது: பில்ட்டில் ஓர் இடம்பிடிப்புச் சொல்லை வைத்துவிட்டு, கன்டெய்னர் தொடங்கும்போது பில்ட் ஆன கோப்புகளுக்குள்ளேயே அதைத் தேடி மாற்றுவது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பின் பெயரில் உள்ள ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி), பில்ட்டின்போது இருந்த உள்ளடக்கத்துக்கானது. பின்னர் மதிப்பு மாறினாலும் பெயர் மாறாது. நீண்ட காலத்துக்குத் தேக்கிவைக்கச் சொல்லப்பட்ட உலாவி பழைய மதிப்போடு உள்ள கோப்பையே தொடர்ந்து பயன்படுத்தும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முன்னொட்டு முறை | தானாகப் புகுத்தும் செருகுநிரல் | கைப்பட்டியல், சரிபார்ப்பு | தொடக்க நேரப் புகுத்தல் |
|---|---|---|---|---|
| கசிவைத் தடுக்கும் வேலி | நல்லது | பட்டியல் கொடுத்தால் நல்லது; 'அனைத்தும்' என்றால் ஆபத்து | மிக நல்லது | எழுதும் ஸ்கிரிப்ட்டைப் பொறுத்தது |
| மதிப்பு உறையும் நேரம் | பில்ட் | பில்ட் | பில்ட் | செயலி தொடங்கும்போது |
| மதிப்பு இல்லாதபோது | மௌனம் | செருகுநிரலையும் அமைவையும் பொறுத்தது | பில்ட் நிற்கும் | தனியாகச் சரிபார்க்க வேண்டும் |
| வகைமாற்றம் | இல்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு | அமைவுக் கோப்பு ஜேசான் என்றால் உண்டு |
| தொடக்க உழைப்பு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## சர்வர் பக்கத்திலும் இதே கேள்வி

தானாக ஏற்றும் வசதி சர்வர் ஃப்ரேம்வொர்க்குகளிலும் உண்டு. அங்கே கசிவைவிட 'எப்போது படிக்கப்படுகிறது' என்பதே அதிகம் இடறவைக்கிறது. பைத்தான் டாட்என்வ் நிறுவப்பட்டிருந்தால் பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கின் கட்டளைவரி என்வ் கோப்பைத் தானாகவே ஏற்றும். அதே செயலியை கூனிகார்ன் என்ற சர்வர் வழியாக ஓட்டும்போது அது நடக்காது. பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலில் அமைவுகளைத் தேக்கும் கட்டளையை இயக்கிய பிறகு என்வ் கோப்பு படிக்கப்படுவதே இல்லை. அதனால் அமைவுக் கோப்புகளுக்கு வெளியே என்வ் செயற்கூற்றை நேரடியாக அழைத்த இடங்கள், அந்தக் கோப்பில் மட்டும் எழுதிவைத்த மாறிகளுக்கு வெற்று மதிப்பையே பெறும். நோட் ஜேஎஸ் 20.6 முதல் என்வ் கோப்பைக் கட்டளைவரி விருப்பமாகவே கொடுக்கலாம். சர்வர் நிரலுக்கு மட்டும் அதை ஏற்ற வேண்டியிருந்தால் தனிச் செருகுநிரல் தேவையில்லை.

## எந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகத் தொடங்கும் திட்டம், ஒரே உற்பத்திச் சூழல், பில்ட் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றால் முன்னொட்டு முறையும் அதன் மேல் ஒரு சரிபார்ப்புக் கோப்பும் போதும். வேறெதையும் சேர்க்க வேண்டாம். பழைய நிரலை வேறு கருவிக்கு மாற்றிக்கொண்டிருக்கும் குழுவுக்குச் செருகுநிரல் உண்மையிலேயே பயன்படும். ஆனால் பட்டியலோடு, இடமாற்றம் முடிந்தவுடன் நீக்கப்படும் என்ற முடிவோடு. செருகுநிரல் தன் ஃப்ரேம்வொர்க்கின் அடுத்த பெரிய பதிப்புக்கு ஈடுகொடுக்குமா என்பது அதைப் பராமரிப்பவரின் கையில் இருக்கிறது. அந்தச் சார்பு நிரந்தரமாவது நல்லதல்ல. ஒரே இமேஜ் பல சூழல்களுக்குப் போக வேண்டியிருந்தால் தொடக்க நேரப் புகுத்தலின் எல்லாச் செலவுகளையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அப்போதும், உலாவிக்குப் போகும் பெயர்களின் பட்டியலை அந்த ஸ்கிரிப்ட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். சூழலை மொத்தமாகக் கொட்டும் ஸ்கிரிப்ட், 'அனைத்தும்' என்று அமைத்த செருகுநிரல் செய்யும் அதே தவற்றைத்தான் செய்கிறது.

எந்த வழியானாலும், பில்ட் முடிவுகளைத் தேக்கிவைக்கும் கருவி சிஐயில் இருந்தால், பில்ட்டில் பங்கெடுக்கும் ஒவ்வொரு மாறியும் தேக்கத்தின் திறவுகோலில் (தேக்கிய எந்த முடிவை எடுப்பது என்று தீர்மானிக்கும் அடையாளம்) சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனைச் சூழலுக்காகக் கட்டப்பட்ட கோப்பு உற்பத்திக்கு எடுத்துத் தரப்படலாம். அதோடு, பில்ட் முடிந்தபின் ஓடும் ஒரு சிறிய படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பில்ட்டுக்கு முன் எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு போலி மதிப்பை, முன்னொட்டு இல்லாத ஒரு மாறியில் சூழலில் வைத்துவிட்டு, வெளியீட்டுக் கோப்புறை முழுவதிலும், சோர்ஸ் மேப் கோப்புகள் (சுருக்கிய நிரலை மூல நிரலோடு இணைப்பவை) உட்பட, அந்த மதிப்பைத் தேட வேண்டும். அது ஓரிடத்திலாவது கிடைத்தால் சிஐ அந்த வெளியீட்டை நிறுத்திவிட வேண்டும். எந்த அமைவு வரி அதை உள்ளே விட்டது என்பதைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகே அது தொடரட்டும்.